டின் மீன் கட்லட்: ஏளனம் செய்வோருக்கு ஒரு பதில்

சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டு விருந்து. ரொறன்ரோவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பழைய தோழர் ஒருவரும் அங்கே இருந்தார். தேநீருக்கு முன்பு தட்டு நிறையக் கட்லட் வந்தது. நான் இரண்டாவதைக் கையில் எடுத்தபோது அவர் கேட்டார்: "ஐசே, மீன் பாடும் தேனாட்டுக்காரன் நீர். டின் மீன் கட்லட்டை இப்படி ஆசையாகச் சாப்பிடுறீரே, வெட்கமில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விருந்தில் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் 'ரின் மீன்' என்று எழுதுவதே வழக்கம். பல நாடுகளிலிருந்தும் வாசிப்போரின் வசதிக்காக 'டின் மீன்' என்றே எழுதிவிடுகிறேன்.

தோழரின் கேள்வியில் ஒரு நியாயம் இருப்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. அப்பால் வங்கக்கடல். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு, அதன் மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் ஒலியைப் பற்றி எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். இறாலும் நண்டும் கொடுவாவும் மணலையும் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் ஊர் அது. அந்த ஊர்க் கடைகளின் தட்டுகளில், தூர தேசத்துக் கடலில் பிடித்துத் தகரத்தில் அடைத்த மீன் வரிசையாக நிற்பதைக் காணும் எவருக்கும் வியப்பு வரத்தான் செய்யும்.

நம் உணவைப் பற்றி எழுதுவோரும் இதனால்தான் போலும் இந்தத் தகரப் பேணியைப் பார்த்தும் பாராததுபோல் கடந்து போகிறார்கள். மட்டக்களப்புச் சமையல் என்றால் நண்டுக் குழம்பு, இறால் பொரியல், எருமைத் தயிர் என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியல் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அது நல்ல நாட்களின் பட்டியல். என் தலைமுறை அந்த ஊரில் கண்ட நாட்களில் நல்லவை எத்தனை என்று கணக்கிட்டால், பட்டியலில் டின் மீனுக்கு ஓர் இடம் கொடுக்காமல் இருக்க முடியாது.

நான் முதன்முதலாக டின் மீன் சாப்பிட்டது 1978 நவம்பரில். அதற்கு முந்திய ஆண்டுகளில், 1970 தொடக்கம் 1977 வரை, இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்ததால் எங்கள் வீட்டில் அது பெயர் மட்டும் தெரிந்த பொருள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைப் புயல் தாக்கியது. விடிந்து பார்த்தபோது தென்னைகள் ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்தன. எங்கள் வீட்டுக் கூரை அடுத்த வளவில் இருந்தது. பாடசாலைக் கட்டடம் ஒன்றில் தங்கியிருந்தோம். தோணிகள் உடைந்து, வலைகள் கிழிந்து, வாவியில் இறங்க ஆளில்லாத நாட்கள். அங்கே எவரோ கொண்டுவந்து கொடுத்த டின்களைத் திறப்பதற்கு எவரிடமும் கருவி இல்லை. கத்தி முனையைத் தகரத்தில் வைத்து விறகுக் கட்டையால் தட்டித் திறந்தார்கள். சோற்றோடு ஒரு துண்டு. எட்டு வயதுப் பையனுக்கு அது விருந்தாகவே இருந்தது.

கத்தியால் டின் திறந்த முதல் மனிதர்கள் நாங்களல்லர் என்பதைப் பின்னாளில் வாசித்து அறிந்தேன். உணவை அடைத்துச் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டுபிடித்த நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரருக்கு 1810இல் அந்நாட்டு அரசு 12,000 பிராங்க் பரிசளித்தது. அவர் பயன்படுத்தியவை கண்ணாடிப் போத்தல்கள். அதே ஆண்டில் பீற்றர் டுராண்ட் என்பவர் தகரப் பேணிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஆனால் டின் திறப்பதற்கென்று தனியாக ஒரு கருவி வருவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. அதுவரை உளியும் சுத்தியலும்தான். படையினருக்கும் மாலுமிகளுக்கும், அதாவது வீட்டையும் வயலையும் விட்டுத் தூரத்தில் நிற்பவர்களுக்கு, உருவாகிய உணவு அது. இடம்பெயர்ந்தவர்களிடம் அது வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

மீனைச் சேமித்து வைப்பது நமக்குப் புதிதுமல்ல. கருவாடும் மாசியும் அதே வேலையைச் செய்தன. மழைக்காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் ஏறிவிட்டால், வீட்டுப் பரணிலிருந்து இறங்குவது கருவாடு. டின் மீன் அந்தப் பரணில் பிறகு வந்து குடியேறிய உறவினர். கட்லட்டும் அப்படித்தான். எலும்போடு வெட்டிய இறைச்சித் துண்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்து, மசித்து உருட்டிப் பொரித்த உருண்டைக்கு நம்மிடம் பெயராகிவிட்டது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய ஊர் மட்டக்களப்பு. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். வந்தவர்களின் பலகாரங்களை எங்கள் அடுக்களைகள் மிளகும் கறிவேப்பிலையும் போட்டுத் தமக்கு ஏற்றவையாக்கிக்கொண்டன. ஆகவே 'இது நம்முடையதா?' என்ற கேள்வியில் எனக்கு அதிக அக்கறை இல்லை. என் அக்கறை வேறொன்றில் இருக்கிறது. அதைச் சொல்ல 2005ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. நாவலடி ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. அங்கே ஊர் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. என் பெரியம்மாவின் இளைய மகன் மணம் முடித்துக் குடியிருந்த இடம் அது. அவனுடைய உடல் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் இலங்கையின் கரையோரம் எங்கும், தமிழ்நாட்டின் கரையிலும், மக்கள் மீன் உண்பதை நிறுத்திவிட்டார்கள். கடலில் போன உடல்களை மீன்கள் தின்றிருக்கும் என்ற எண்ணம். சந்தையில் மீனை வாங்க ஆளில்லை. வள்ளமும் வலையும் தப்பிய சில மீனவர்கள் கடலுக்குப் போய்ப் பிடித்து வந்தாலும் அதை விற்க முடியாமல் நின்றார்கள். நான் அப்போது கொழும்பில் ஒரு நாளிதழில் இருந்தேன். சனவரி மாதத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். மீன் உண்பதில் ஆபத்தில்லை, சடலங்களால் கொள்ளைநோய் பரவாது என்று உலக சுகாதார நிறுவனமே விளக்கியிருக்கிறது, இந்த அச்சம் மூடநம்பிக்கை, இதனால் பிழைத்த மீனவனும் பட்டினி கிடக்கிறான் என்பது அதன் சாரம். எழுதியதில் பிழையான தகவல் ஒன்றும் இல்லை. மீனவர்களைப் பற்றி எழுதியது முழுக்க உண்மை.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனேன். பெரியம்மா உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். நிவாரணமாகக் கிடைத்த டின் மீனில் கட்லட் செய்துகொண்டிருந்தார். வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தினமும் பருப்பும் சோறும் அலுத்துப்போயிருந்தது. என்னைக் கண்டதும் சொன்னார்:

"மனே, நீ எழுதினதைப் படிச்சன். மீனில ஒண்டும் இல்லையெண்டு எழுதியிருக்காய். சரிதான். ஆனா எண்ட புள்ள எங்க கிடக்கான் எண்டு நீ எழுதல்லயே."

நான் பதில் சொல்லவில்லை. அவர் வெறும் டின்னைக் கையில் எடுத்து, கவிழ்த்து, அடியில் பொறித்திருந்த எழுத்துகளை எனக்குக் காட்டினார். உற்பத்தித் திகதி. 2004 ஏப்ரல்.

"இது சித்திரை மாசம் அடைச்ச டின். இதைத் தின்னலாம்."

அவர் ஒவ்வொரு டின்னையும் அப்படிப் பார்த்துத்தான் திறந்தார் என்பதைப் பிறகு அறிந்தேன். கடைக்காரரிடமும் திகதி கேட்டே வாங்குவாராம். அவர் மட்டுமல்ல, அந்தத் தெருவில் வேறு பெண்களும் அப்படிச் செய்தார்கள். எந்தக் கடலில் பிடித்த மீன் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. எப்போது பிடித்தது என்பதே முக்கியம். எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் நான் மூடநம்பிக்கை என்று பெயர் வைத்தது, அங்கே ஒரு தாய் தன் பிள்ளையைத் தின்றுவிடாமலிருக்கச் செய்த காவலாக இருந்தது. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரிகைத் தொழிலில் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்பும் சொற்கள் எனக்குப் பல உண்டு. அவற்றில் முதலாவது அந்த 'மூடநம்பிக்கை'.

டின்களின் ஆயுள் மூன்று ஆண்டு என்றாலும் கடைகளில் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா? 2006ஆம் ஆண்டு நடுப்பகுதியில் பழைய திகதியிட்ட டின்கள் கிடைக்காமல் போயின. ஒருமுறை நான் போனபோது பெரியம்மா கட்லட் வைத்தார். அடுப்படியில் கிடந்த டின்னைக் கவனித்தேன். 2005ஆம் ஆண்டுத் திகதி. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு வாவி இறாலைச் சமைக்கத் தொடங்கினார். கடல் மீனைக் கடைசிவரை தொடவில்லை.

இப்போது அவருடைய கட்லட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால், தோழர் மறுபடியும் என்னைக் கேலி செய்வார்.

425 கிராம் டின் ஒன்று. நீரில் அல்லது உப்பு நீரில் அடைத்ததாக இருக்க வேண்டும். தக்காளிக் குழம்பில் அடைத்ததுதான் கிடைக்குமென்றால், துண்டுகளை ஒருமுறை கழுவி வடித்துக்கொள்ளலாம். மூடி உப்பியிருக்கும் டின்னையோ, நசுங்கித் துருப்பிடித்ததையோ வாங்கவே கூடாது. தகரத்துக்குள் வைத்து 120 பாகை அளவு வெப்பத்தில் அழுத்தத்தோடு அவிப்பதால்தான் அந்த மீன் கெடாமலும், அதன் எலும்பு விரலால் நசுக்கும்படி மெதுவாகவும் இருக்கிறது. பலர் அந்த நடு எலும்பைக் கிள்ளி எறிகிறார்கள். பெரியம்மா எறிய விடமாட்டார். மசித்துச் சேர்த்துவிடுவார். பால் வாங்க வழியில்லாத வீட்டில் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து அதிலிருந்துதான் என்பார். அது சரியான கணக்கு.

நீரை வடித்தால் கால் கிலோ அளவு சதை கிடைக்கும். அதற்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கு. தோலோடு அவிக்க வேண்டும். தோலைச் சீவி வெட்டி அவித்தால் கிழங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும். கட்லட் எண்ணெயில் வெடித்துப் பிரிவதற்குக் காரணம் இந்த நீர்தான். மீனிலும் நீர் நிற்கக்கூடாது. ஆகவே தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த இரண்டு பெரிய வெண்காயம், நான்கு பச்சைமிளகாய், சிறிது உள்ளி, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை போட்டு வதக்கி, மீனையும் உதிர்த்துப் போட்டு ஈரம் வற்றும்வரை கிளற வேண்டும். மீனின் வெடுக்கும் அப்போது போய்விடும். ஒன்றரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் போட்டு இறக்க வேண்டும். உப்பை இறுதியில், ருசி பார்த்த பிறகுதான் போட வேண்டும், ஏனெனில் டின் மீனில் ஏற்கெனவே உப்பு உண்டு. ஆறிய பிறகு மசித்த கிழங்கையும் அரைத் தேசிக்காயின் புளியையும் சேர்த்துப் பிசைந்தால், தேசிக்காய் அளவில் இருபது, இருபத்திரண்டு உருண்டைகள் வரும்.

உருண்டைகளை அடித்த முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டி, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களின் கட்லட்தான் தோல் கழன்று வரும். எண்ணெய் சூடேறிவிட்டதா என்று பார்க்க ஒரு சிட்டிகை தூளைப் போட வேண்டும். உடனே மேலெழுந்து நுரைத்தால் பொரிக்கலாம். ஒரே தடவையில் ஐந்தாறுக்கு மேல் போடக்கூடாது. போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, கட்லட் எண்ணெய் குடித்துவிடும்.

இது எல்லாம் கைக்கெட்டிய நாட்களின் செய்முறை. நான் 2005இல் கண்டது வேறு. முட்டை இல்லை. நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவை நீரில் கரைத்து அதில் தோய்த்தார். ரஸ்க் இல்லை. மிஞ்சிய பாணை வெயிலில் காயவைத்துப் போத்தலால் உருட்டித் தூளாக்கினார். உருளைக்கிழங்குக்குப் பதிலாக ஒருநாள் மரவள்ளிக் கிழங்கு, இன்னொருநாள் கெட்டியாக அவித்த பருப்பு. ஆழ்ந்த எண்ணெயில் பொரிக்க வசதியில்லாததால் தட்டையாக்கி, தாச்சியில் சிறிது எண்ணெய் பூசி இரு பக்கமும் சிவக்க விட்டார். ஒரு டின் மீனை அப்படியே கறியாக்கினால் நான்கு பேருக்குத்தான் வரும். கட்லட்டாக்கினால் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுக்கலாம். யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்ற சண்டை வராது. கட்லட் இடம்பெயர்ந்த வீடுகளில் நிலைத்ததற்கு ருசியைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

2007இல் போர் காரணமாகப் படுவான்கரையிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாவியைக் கடந்து இப்பக்கம் வந்து முகாம்களில் இருந்தபோதும் இதே கட்லட்டைக் கண்டேன். வாவி கண்ணெதிரே கிடந்தது. ஆனால் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளால் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் வலை வீச முடியாது. 2011 சனவரி வெள்ளத்தின்போதும் அப்படித்தான். மீன் நிறைந்த நீர் சூழ்ந்திருக்க, மக்கள் டின் மீன் சாப்பிட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நிவாரணம் சேர்த்தவர்களின் பட்டியல்களிலும் அரிசி, பருப்புக்கு அடுத்து டின் மீன் இருந்தது.

டின் மீன் ஏழை வீட்டுப் பொருள் என்பது அரசியல்வாதிகளுக்கும் நன்றாகத் தெரியும். 2020 மார்ச் 17ஆம் திகதி, கொரோனா ஊரடங்குக்குச் சற்று முன்பு, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச இரண்டு பொருட்களுக்கு உச்ச விலை அறிவித்தார். ஒரு கிலோ பருப்பு 65 ரூபாய், ஒரு டின் மீன் 100 ரூபாய். நாட்டின் வறியவர்கள் எதை உண்டு வாழ்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான அரச வாக்குமூலம் எனக்குத் தெரியாது. ஆனால் அடக்கவிலைக்கும் கீழே விலை குறித்தால் வியாபாரி என்ன செய்வார்? எங்கள் பகுதிக் கடைத் தட்டுகளிலிருந்து டின்கள் மறைந்தன. ஏப்ரல் இறுதியில் அந்த விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகளின் பின் அதைவிடப் பெரிய அடி விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது. இறக்குமதி டின் மீனின் விலை அதனோடு ஏறியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியது. சரி, டின் மீனை விட்டு வாவி மீனுக்குத் திரும்பலாமே என்று கேட்கலாம். வள்ளங்களின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அது மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. கிடைக்கத் தொடங்கிய ஆகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. கடலும் வாவியும் டின்னும் ஒரே நேரத்தில் எட்டாத தூரத்துக்குப் போன ஆண்டு அது. அதுவரை ஒன்று இல்லாவிட்டால் மற்றது இருந்தது.

அந்த ஆண்டில்தான் டின் மீனின் உண்மையான இடம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. வாவி மூடப்படும் நாட்களுக்காக வீட்டில் வைத்திருக்கும் இரண்டாவது கதவு அது. அந்தக் கதவும் அடைபட்டபோது வாவிக்கரைப் பிள்ளைகளின் கோப்பையில் மீன் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று.

இதனால் நான் டின் மீனைத் தினசரி உணவாக்கச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். அதில் உப்பு அதிகம். இரத்த அழுத்தக்காரனான எனக்கே மருத்துவர் அளவு சொல்லியிருக்கிறார். வாவியைச் சுற்றிக் கண்டல் காடுகள் அழிந்து, கழிவுகள் கலந்து, மீன்வளம் குறைந்துவருவதற்குப் பரிகாரம் டின் மீன் ஆகாது. நல்ல நாளில் டின் மீன்தான் மலிவு என்ற நிலை மட்டக்களப்பில் வருமானால், தோழர் சொன்ன வெட்கம் நமக்கு வரத்தான் வேண்டும். அந்த வெட்கம் கட்லட் செய்யும் பெண்ணுக்கு உரியதல்ல, வாவியைப் பாதுகாக்கத் தவறிய நம் எல்லோருக்கும் உரியது.

நான் கேட்பவை சிறியவை. கிழக்கில் நவம்பர் முதல் சனவரி வரை மழையும் புயலும் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தொலைக்காட்சிக்காக விலையை வெட்டி அறிவிப்பதைவிட, அந்த மாதங்களுக்கு முன்பே கூட்டுறவுச் சங்கக் கடைகளில் டின் மீனைப் போதிய அளவு சேர்த்து, நட்டமில்லாத ஒரே விலையில் விற்பது பயனுள்ளது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகுகள் இறக்கும் சூரை ஐஸ் பெட்டிகளில் கொழும்புக்கு லொறியேறிப் போகிறது. இலங்கையில் மீன் அடைக்கும் தொழிற்சாலைகள் ஏற்கெனவே இயங்குகின்றன. மீன் மலிந்து விலை விழும் நாட்களில் அந்தச் சூரையில் ஒரு பங்கையாவது அங்கேயே டின்னில் அடைக்க ஒரு தொழிற்சாலை இருந்தால், மீனவனுக்கும் விலை கிடைக்கும், மழைக்காலத்துக்கும் மீன் இருக்கும். பரணில் கருவாடு வைத்த மூதாதையர் செய்தது இதைத்தான். அளவு மட்டுமே வேறு.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்களிடம் இன்னொன்று. லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் நீங்கள் வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில், ஓர் அறையில் ஆறு பேராக இருந்தபோது, பாணுக்குள் வைத்துச் சாப்பிட்டது எதை? இன்று உங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் ரோல்ஸோடும் பற்றிஸோடும் தட்டில் அடுக்கும் கட்லட்டுக்குள் இருப்பது எது? பிள்ளைகளுக்கு ஊர் நண்டைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த டின்னைப் பற்றியும் சொல்லுங்கள். நண்டைப் பற்றி மட்டும் சொன்னால், நாம் ஏன் ஊரை விட்டு வந்தோம் என்பது அவர்களுக்கு விளங்காது.

விருந்து நடந்த மறுவாரம் தோழர் தொலைபேசியில் அழைத்தார். கட்லட்டுக்கு முட்டை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவருடைய மனைவி கேட்கிறாராம். மாவைக் கரைத்துத் தோய்க்கச் சொன்னேன். யாரிடம் கற்றீர் என்று கேட்டார். பெரியம்மாவிடம் என்றேன். அதற்கு மேல் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. மிச்சத்தை அவர் இங்கே வாசித்துக்கொள்ளட்டும்.